சலங்கைப் பையிலிருந்த பொட்டலம்

"தொழில்?" என்று சீட்டு எழுதுகிறவர் கேட்டார். தலையை நிமிர்த்தவில்லை. எனக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. இருபத்தெட்டு வருடம் ஊர் ஊராகப் போய், தலையில் செம்பும் செம்பின் மேல் கிளியுமாக நின்று, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்த வாய் என்னுடையது. அந்த வாய் ஒரு சின்ன ஜன்னலுக்கு முன்னால் திறந்து, "பட்டாசு ஆபீஸ்" என்றது.

எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். சிவகாசியைச் சுற்றி வீட்டுக்கு ஒருவராவது அங்கே போகிறவர்கள். யாரும் திரும்பக் கேட்காத பதில் அது. அவர் எழுதிக்கொண்டார். என் வீட்டுக்காரர் செல்வராசு பக்கத்தில் நின்று சுவரில் ஒட்டியிருந்த காசநோய் விளம்பரத்தை எழுத்துக்கூட்டுகிற மாதிரிப் படித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸிலேயே அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். "டாக்டர் கேட்டாலும் ஆபீஸ்னே சொல்லுங்க. கரகம்னு வாயத் திறக்கக் கூடாது."

காரணம் இருந்தது. முன்பு ஒரு தடவை கழுத்து பிடித்துக்கொண்டு வேறொரு ஊரில் ஊசி போடப் போனேன். என்ன வேலை என்று கேட்டார்கள், சொன்னேன். ஊசி போடுகிற ஆள் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப ஒரு ஆட்டம் போட்டுட்டு ஊசியப் போட்டுக்கலாமே" என்றான். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பது எனக்குத் தொழில்.

என் இடுப்பு இப்போது தேறிவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் எனக்காகப் பதறவேண்டாம். பதறவேண்டியது வேறொருத்திக்காக. நான் அந்த ஜன்னலில் பொய் சொன்ன நேரத்தில், என் ஜோடி பஞ்சவர்ணம், நான் பழக்கிவிட்ட மாத்திரையை இன்னும் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

கரகம் ஆடுகிறவளுக்குத் தலையில்தான் பாரம் என்று பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். பாரம் தலையில் தங்குவதில்லை. கழுத்து வழியாக இறங்கும். முதுகெலும்பின் கண்ணிகள் ஒவ்வொன்றும் அதை அடுத்ததன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கடைசியில் இரண்டு இடுப்பு மூட்டுகளும் அதை வாங்கிக்கொண்டு, கொடுக்க ஆளில்லாமல் நிற்கும். செம்பு அசையக் கூடாது. அது அசையாமல் இருக்க, அதற்குக் கீழே இருக்கிறதெல்லாம் அசைந்துகொண்டே இருக்கவேண்டும். தாம்பாளத்தின் விளிம்பில் ஏறி நின்று உருளும்போதும், பின்னால் வளைந்து தரையில் கிடக்கும் ஊசியை இமையால் எடுக்கும்போதும் உடம்பு கொதிக்கிற உலை. முகம் அதன் மேல் போட்ட மூடி. மூடி துள்ளாமல் பார்த்துக்கொள்வதற்குப் பெயர்தான் சிரிப்பு.

எங்கள் செட்டில் வலி இல்லாத ஆளே கிடையாது. தவில்காரருக்குத் தோள், நாயனக்காரருக்குப் பல், பம்பைக்காரருக்கு மணிக்கட்டு. ஆனால் யாரும் சொல்லமாட்டோம். வலிக்கிறது என்று சொன்னவரை அடுத்த ஊருக்குக் கூப்பிடமாட்டார்கள்.

எனக்கு மாத்திரை வந்தது ஒரு மருந்துக்கடையிலிருந்து. கடை எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. ஒரு கிழிந்த தாளில் நாலு மாத்திரையை மடித்து, "ஒரு செட்டு, ஆட்டத்துக்கு அரை மணிக்கு முந்திப் போடு" என்று கொடுத்தார்கள். மஞ்சள், சிவப்பு, பெரிய வெள்ளை, அப்புறம் உளுந்து அளவுக்கு ஒரு சின்ன வெள்ளை. மாயம் செய்வது அந்தச் சின்னதுதான் என்று இரண்டே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டேன். பிறகு அதை மட்டும் அட்டை அட்டையாக வாங்கினேன். போட்டால் வலி எங்கோ தெருமுனைக்குப் போய் நின்றுகொள்ளும். பசிக்கும். உடம்பில் யாரோ விளக்குப் போட்ட மாதிரி இருக்கும். முதலில் ஆட்டத்துக்கு ஒன்று. பிறகு ஆட்டத்துக்கு முந்தின நாளும் ஒன்று. கடைசி மூன்று வருடம், ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், காலையில் ஒன்றைப் போடாமல் பாயைவிட்டு எழுந்ததில்லை.

அது எங்கே இருந்தது என்பதைச் சொன்னால்தான் நான் செய்த தப்பு புரியும். வீட்டில் மருந்து வைக்கும் டப்பாவில் அது இல்லை. சலங்கைப் பையில் இருந்தது. ரோஸ் பவுடர், உதட்டுச்சாயம், ஊக்கு, கருப்புக் கயிறு, அதோடு ஒரு காகிதப் பொட்டலம். என் கணக்கில் அது ஒப்பனைச் சாமான். முகத்துக்குப் பவுடர், உள்ளுக்கு இது. டாக்டர் என்னிடம், "தொடர்ந்து ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டபோது "இல்லைங்க" என்றேன். பாதி பொய்தான். மீதிப் பாதிக்கு, அந்தப் பொட்டலம் சத்தியமாக என் நினைவுக்கே வரவில்லை. பவுடர் போடுகிறதை யாராவது டாக்டரிடம் சொல்வார்களா?

பஞ்சவர்ணம் விஸ்வநத்தத்துக்காரி. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். திருவிழா இல்லாத மாதங்களில் அவள் நிஜமாகவே பட்டாசு ஆபீஸுக்குப் போய்ப் பெட்டி ஒட்டுவாள். ஆறு வருடத்துக்கு முன், அவள் எனக்கு ஜோடியாகச் சேர்ந்த முதல் சீசனில், ஒரு ஊரில் அவள் கணுக்கால் வீங்கிவிட்டது. வேனுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள்.

"யக்கா, நிக்கவே முடியலக்கா. இன்னைக்கு ஒருநா விட்ருங்கக்கா."

எங்களுடையது ஜோடி ஆட்டம். வலப்பக்கம் நான், இடப்பக்கம் அவள். ஒருத்தி உட்கார்ந்தால் இன்னொருத்தியும் உட்காரவேண்டியதுதான். அவள் காலை நான் பார்த்தேன். அதைவிட நன்றாக, மேடைக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தேன். பையைத் திறந்தேன்.

"என்னதுக்கா இது?"

"சத்து மாத்திரத்தா. நானும் போடுறேன்ல."

போட்டாள். ஆடினாள். அன்றைக்கு அவள் ஆடின ஆட்டத்தை அந்த ஊர் ரொம்ப நாள் பேசியது. அதற்கப்புறம், பெரியவள் சின்னவளுக்குச் சலங்கை கட்டிவிடுவது எங்கள் வழக்கமாதலால், நான் குனிந்து அவள் காலில் சலங்கை கட்டும்போதெல்லாம் அவள் கேட்காமலே உள்ளங்கையை நீட்டுவாள். நான் வைப்பேன். ஆட்டம் இல்லாத நாளுக்கு அதே கடையில் அவளே வாங்கிக்கொள்ளவும் பழகிவிட்டாள். இரண்டு வருடத்தில் அவள் கன்னம் உருண்டு பளபளவென்று ஆனது. என் கன்னம் ஏற்கெனவே அப்படித்தான். போகிற ஊரிலெல்லாம் பெண்கள் வந்து, "அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் அச்சுல வார்த்தாப்ல இருக்கீகளே" என்பார்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். ஜோடி பொருந்தியது சாமி குடுத்த வரம் என்று இருந்தோம்.

வலது தொடை இடுக்கில் பிடித்த வலி மாத்திரைக்கு அடங்காமல் போனது போன மார்கழியில். காலைத் தூக்கிப் படியில் வைக்க முடியவில்லை. மாசியில் விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு எம்.ஆர்.ஐ. அது ஒரு சுரங்கம். காந்தத்தை வைத்து உடம்பின் உள்ளே படம் எடுப்பது. தாலி, மூக்குத்தி, மெட்டி எல்லாவற்றையும் கழற்றிச் செல்வராசு கையில் கொடுத்துவிட்டு உள்ளே படுத்தேன். அசையக் கூடாது என்றார்கள். அசையாமல் படுத்தேன். சத்தம் ஆரம்பித்தது. டக்கு டக்கு டக்கு, நிறுத்தி, டகடகடகட. எனக்குத் தெரிந்துவிட்டது: இது நாலு எண்ணிக்கை, மூன்றாவதில் ஓர் இழுப்பு. பம்பைக்காரர் போதையில் அடித்தால் இப்படித்தான் இருக்கும். என்னை அறியாமல் பெருவிரல் தாளம் போட்டுவிட்டது. ஒலிபெருக்கியில் ஒரு குரல், "கால அசைக்காதீங்கம்மா, படம் கலைஞ்சிரும்" என்றது. இரும்புச் சுரங்கத்துக்குள் கிடந்து வெட்கப்பட்டேன். மனம் எதை மறைத்தாலும் காலுக்கு மறைக்கத் தெரியவில்லை.

எலும்பு டாக்டர் இளவயதுப் பெண். எதையும் வேகமாகச் சொல்லிவிட்டு, புரியவில்லை என்று தெரிந்தால் உட்கார்ந்து திரும்பச் சொல்வார். "தொடை எலும்போட மேல்முனை பந்து மாதிரி இருக்கும்மா. அது இடுப்புக் கிண்ணத்துக்குள்ள சுத்தும். அந்தப் பந்துக்கு ரத்தம் போறது நின்னுபோச்சு. ரத்தம் போகலேன்னா எலும்பு செத்துரும். உங்களுக்கு வலதுபக்கப் பந்து நசுங்கியே போச்சு. இடதுபக்கம் இப்பத்தான் ஆரம்பம்." உயிரோடு இருக்கிற ஆளுக்குள் எலும்பு மட்டும் தனியாகச் சாகுமா என்று கேட்டேன். சாகும் என்றார். வலதுக்குச் செயற்கை மூட்டு வைக்கவேண்டும்.

"குத்தவச்சே வேல பாக்குறீங்க, ஆனா அதுல மட்டும் இப்படி வராது. குடிப்பழக்கம் இருக்குறவங்களுக்கு வரும். வேற சில காரணம் இருக்கு," என்று நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். உருண்டை முகத்தைப் பார்த்தார். "மாத்திரை எதுவும்...?"

"எப்பயாச்சும் தலவலின்னா போடுறதுதான்."

வார்டில் எனக்கு அடுத்த கட்டில் சீனியம்மா. அறுபது வயதிருக்கும். ஆபீஸ் வேன் படியிலிருந்து வழுக்கித் தொடை எலும்பை முறித்துக்கொண்டவர். காலில் எடை கட்டித் தொங்கப்போட்டிருந்தார்கள். வாய்க்கு எந்தக் கட்டும் இல்லை.

"எந்த ஆபீஸ்த்தா நீ?"

"திருத்தங்கல் பக்கம்."

"என்ன வேல? சக்கரமா, சரமா?"

"சரம்."

"ஒரு ரூம்ல எம்புட்டுப் பேரு?"

இதையெல்லாம் பஞ்சவர்ணத்திடம் ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேட்டதில்லை. "பத்துப் பேரு இருப்போம்" என்றேன்.

சீனியம்மா கூரையைப் பார்த்தபடி விரல்விட்டு எண்ணினார். அப்புறம், "நாலு பேருக்கு மேல உக்கார விட்டா ஆபீஸ இழுத்து மூடிருவாக. பத்துப் பேரு உக்காந்தா அது கல்யாண வீடுத்தா" என்றார். அதற்கு அடுத்த கட்டிலில் இருந்தவள் சிரித்தாள். "கையக் காமி," என்றார் சீனியம்மா. அவர் கையைப் பக்கத்தில் நீட்டினார். எத்தனையோ நாள் குளித்த பிறகும் நகக்கண்ணில் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னியது. என் நகத்தில் பழைய மருதாணி. கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். தலை சீவக் குனிந்தபோது என் உச்சந்தலையில் செம்பு உட்கார்ந்து உட்கார்ந்து முடி தேய்ந்த வட்டத்தையும் அவர் பார்த்திருக்கவேண்டும். அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. தன் தட்டிலிருந்த வாழைப்பழத்தை மட்டும், "எனக்குச் சளி, நீ தின்னு" என்று என் பக்கம் தள்ளினார்.

சலங்கைப் பையை வீட்டில் விட்டுவந்திருந்தேன். சேர்ந்த இரண்டாம் நாள் வாந்தி. ஆஸ்பத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து எழுந்தேன். சுவர்கள் மெதுவாக என்மேல் சாய்ந்தன. கை கால் வேறு யாருடையதோ போல எடையில்லாமல் இருந்தது. பயமாகக்கூட இல்லை. பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்தது. இட்லிப் பொட்டலத்தோடு வந்த செல்வராசு அதைக் கீழே போட்டுவிட்டு நர்ஸைக் கூப்பிட ஓடினார். டாக்டர் வந்தார். ரத்த அழுத்தம் அடிமட்டத்துக்குப் போயிருந்தது.

"இவங்க என்ன மாத்திரை சாப்பிடுறாங்க? ஒளிக்காமச் சொல்லுங்க," என்று டாக்டர் செல்வராசுவைக் கேட்டது எனக்கு ஏதோ கிணற்றுக்கு வெளியிலிருந்து கேட்பதுபோல் கேட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் செத்துக்கொண்டிருக்கிற அந்த நேரத்திலும், நான் வாங்கின சத்தியத்தை மீற என்னிடம் அனுமதி கேட்டார் அந்த மனுசன். "ஒண்ணும் போடமாட்டா டாக்டர்" என்றார்.

அடுத்த கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

"யம்மா டாக்டரம்மா! அந்தாளு வாயில மண்ணு. அவ ஆபீஸ்காரி இல்ல. கரகாட்டக்காரி. எங்க ஊரு பொங்கலுக்கு ரெண்டு தடவ ஆடியிருக்கா. ஆடுறவளுக ஏதோ ஒரு மாத்திரயப் போட்டுக்கிட்டுத்தான் விடிய விடிய ஆடுவாளுகன்னு எங்க ஊரே பேசும். அதக் கேளுங்க!"

வார்டு முழுக்கத் திரும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சலங்கைப் பையில இருக்கு," என்று செல்வராசு அழுதார். டாக்டர் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஊசி ஏறியது, குளுக்கோஸ் ஓடியது. செல்வராசு ஆமத்தூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வண்டியில் பறந்து போய்ப் பையோடு வந்து சேர்ந்தபோது நான் பாதி உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் பையைக் கட்டிலில் கவிழ்த்தார். சலங்கை உருண்டு கலகலத்தது. எல்லாக் கட்டிலும் கேட்டிருக்கும். பவுடர், ஊக்கு, கயிறு. கடைசியில் பொட்டலம்.

டாக்டர் அன்றைக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இது ஸ்டீராய்டும்மா. நல்ல மருந்துதான், டாக்டர் பார்த்து அளவாக் குடுத்தா. நம்ம உடம்பே தினம் காலையில இத மாதிரி ஒண்ணக் கொஞ்சமாச் சுரக்கும். நீங்க வருசக்கணக்கா வெளியிலருந்து குடுத்ததுல, நமக்கு வேல இல்லன்னு அந்தச் சுரப்பி தூங்கிப்போச்சு. திடீர்னு நிறுத்தினதும் உடம்பு படுத்துருச்சு. ஆபரேஷன் மேஜைல வச்சு இது நடந்திருந்தா, எங்களால உங்களக் காப்பாத்த முடியாமகூடப் போயிருக்கலாம்." பிறகு என் கன்னத்தை இரண்டு விரலால் தொட்டார். "இந்த உருண்டை முகம் இதால வந்தது. அந்த எலும்பு செத்ததுக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்."

கரகம் என்று முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. சீட்டில் தொழில் என்ற இடத்தை மட்டும் அடித்துத் திருத்தி எழுதினார்.

அவர் போன பிறகு எனக்குள் முதலில் வந்த பெயர் பஞ்சவர்ணம். ஒரே அச்சில் வார்த்த இரண்டு முகம். கடைசி ஆட்டத்துக்கு வேனில் ஏறும்போது அவள் தொடை இடுக்கைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டது நினைவுக்கு வந்தது. நான் ஒரு வருடத்துக்கு முன் அழுத்திக்கொண்ட அதே இடம்.

போனை எடுத்தேன். "என்னக்கா, எப்படி இருக்கீக?" என்றாள். நன்றாக இருக்கிறேன் என்றேன். மழை உண்டா என்று கேட்டேன். வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி. எனக்குப் பதிலாகச் சேர்ந்த புது ஜோடி எப்படி என்று கேட்டேன். "அவ கால் தப்பிக்கிட்டே இருக்காக்கா, நீங்க இருந்தா உதட்டோரத்துல 'கால் தப்புது'ன்னு ஒரு வார்த்த சொல்லி இழுத்துருவீக" என்றாள். மேளத்துக்கு நடுவில் தாளத்தைவிட்டு அடி விலகினால், சிரிப்பைக் கலைக்காமல், பஞ்சவர்ணத்துக்கு மட்டும் கேட்கும்படி நான் சொல்லும் வார்த்தை அது. அன்றைக்கும் மாத்திரை விஷயத்தைச் சொல்லாமல் வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை அவள் எடுக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்தக் கட்டுரையில் எழுதக் கூசுகிற வாக்கியம் அந்த நிம்மதிதான்.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது அடுக்கலாம். போனில் சொல்கிற விஷயமா என்று நினைத்தேன். அவள் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு என்னை மாதிரி விழுந்துவிடுவாளோ என்று பயந்தேன். எல்லாம் உண்மை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்றே ஒன்று: இந்த உலகத்தில் என்னை அவ்வளவு நம்பி உள்ளங்கையை நீட்டினவள் அவள் ஒருத்திதான். அந்தக் கையை இழக்க மனம் வரவில்லை.

மாத்திரை அளவைச் சரிப்படுத்தி உடம்பைத் தேற்ற இரண்டு வாரம் ஆனது. பங்குனி பிறந்து மூன்றாம் நாள் ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். விழித்தபடி படுத்திருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம். ஒரு வலியும் இல்லை. என்னைத் தச்சுவேலை செய்கிறார்கள், எனக்கு வலிக்கவில்லை. வலி இல்லாத உடம்பு எவ்வளவு அந்நியமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

மறுநாளே நிற்கவைத்தார்கள். வாக்கரைப் பிடித்து நாலு எட்டு. குத்தவைக்கக் கூடாது, தரையில் சம்மணம் போடக் கூடாது, காலுக்கு மேல் கால் போடக் கூடாது. செல்வராசு திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் கட்டிங் மெஷினில் நிற்கிறார். கத்தி பிடிக்கிற கை. பழைய பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் நடுவில் வட்டமாக அறுத்து, அறுத்த விளிம்பில் சைக்கிள் டியூபைப் பிளந்து வைத்து நூலால் தைத்து, கக்கூஸில் போட்டு உட்காரக் கொண்டுவந்தார். விளிம்பை நான் தடவிப் பார்த்தேன். எங்கேயும் ஒரு பிசிறு இல்லை. "உரசக் கூடாதுல்ல" என்றார். அவரைப் பொய் சொல்லவைத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டது அந்த நாற்காலியைப் பார்த்தபடிதான்.

ஆறாம் நாள் மத்தியானம் பஞ்சவர்ணம் வந்தாள். அன்றைக்கு ராத்திரி அவளுக்கு ஆட்டம். வேன் வாசலில் நிற்கிறது என்றாள். மல்லிகைப்பூவும் ஒரு பை சாத்துக்குடியும்.

"என்னக்கா, மொகம் வத்திப்போச்சு? நம்ம கம்பெனி மொகமே இல்லையே!"

ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்காரும்போது வலது காலை ஒதுக்கி நீட்டிக்கொண்டாள். கட்டைவிரல் தானாக இடுக்குக்குப் போனது.

"எனக்கும் இங்கன லேசா இழுக்குதுக்கா. ஒண்ணு போட்டா நிக்கல. ரெண்டாப் போட்டா சரியாப் போயிருது."

சீனியம்மா என்னைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

"பஞ்சு, அது சத்து மாத்திர இல்லத்தா."

"பின்ன?"

சொன்னேன். டாக்டர் எனக்குச் சொன்னதையெல்லாம், பந்து, ரத்தம், தூங்கிப்போன சுரப்பி எல்லாம். அது சத்து மாத்திரை இல்லை என்று அன்றைக்கே, வேனுக்குப் பின்னால், எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். என்ன மாத்திரை என்றுதான் தெரியாது. நீ ஆடவேண்டும் என்பதற்காக அந்தப் பொய்யைச் சொன்னேன். நீ உட்கார்ந்தால் நானும் உட்காரவேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

அவள் கையிலிருந்த பூ அப்படியே இருந்தது. மெதுவாக இன்னொரு கையைத் தூக்கித் தன் கன்னத்தைத் தொட்டாள். இரண்டு பக்கமும்.

"அப்ப இது?"

"அதுவும் அதாலதான்."

"அக்கா தங்கச்சி மாதிரி இருக்கம்னு ஊருல சொன்னாகளே."

நான் சாத்துக்குடிப் பையை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"நான் அழகாயிட்டேன்னுல்லக்கா இருந்தேன்," என்றாள்.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. அவள் எழுந்தாள். எழும்போது முகம் சுளித்தது. என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "இன்னைக்கு நான் நிக்காட்டி அந்தப் புதுப் பிள்ளையும் நிக்க முடியாது. இன்னைக்கு நான் என்னத்தப் போட்டு ஆடுவேன்? அதச் சொல்லுங்க!" என்று கத்தினாள். வார்டு முழுக்கத் திரும்பியது. நான் வாக்கரை இழுத்துப் பிடித்து நின்றேன். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த டாக்டரை, மேடையில்கூட அப்படிக் கத்தியதில்லை, அந்தச் சத்தத்தில் கூப்பிட்டேன்.

"டாக்டர்! இவ என் ஜோடி. கரகாட்டம். ஆறு வருசமா இவளுக்கு அந்த மாத்திரயக் குடுத்தது நான்தான். விடாதீக, பாருங்க."

டாக்டர் அவளைக் காலிக் கட்டிலில் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி உள்பக்கம் திருப்பினார். பஞ்சவர்ணம் அலறினாள். ஆறு வருடத்தில் அவள் வலியென்று சத்தம் போட்டு நான் கேட்டது அது இரண்டாவது தடவை. முதல் தடவை நான் கேட்காததுபோல் இருந்தேன்.

வேன் அவள் இல்லாமல் போனது. சீட்டு எழுத அவளைக் கூட்டிக்கொண்டு போன செல்வராசு திரும்பி வந்து சொன்னார்: "தொழில் என்னன்னு கேட்டாக. கரகாட்டம்னு பட்டுன்னு சொல்லிட்டா. எழுதுறவர் தலைய நிமித்திப் பாத்தாரு. என்ன பாக்குறீகன்னு கேட்டா. அவரு தலையக் குனிஞ்சு எழுதிட்டாரு." சீனியம்மா, "பிள்ளைக்கு இருக்கிற ரோசம்" என்றார். மீதியை எனக்காக விழுங்கிக்கொண்டார்.

அவளுக்கும் அதே நோய்தான்; படத்தில் வலது பந்து இன்னும் நசுங்கவில்லை. மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தாமல் வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டு வந்தார்கள். வைகாசியில் ஆபரேஷன். எலும்பில் சின்னத் துளைகள் போட்டு உள்ளே அடைபட்ட அழுத்தத்தை இறக்கிவிட்டால் ரத்தம் மறுபடி வழி தேடி வரலாம். வரும் என்று டாக்டர் சொல்லவில்லை. வரலாம் என்றுதான் சொன்னார். ஆறு வாரம் அந்தக் காலை ஊன்றக் கூடாது. மறுபடி செம்பைத் தூக்குவாளா என்று யாருக்கும் தெரியாது.

அவளுக்குத் துணைக்கு இருந்தது நான். அவள் கூப்பிடவில்லை, நான் போனேன். மற்ற துணையாட்கள் எல்லோரும் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுப்பார்கள். எனக்குத் தரை ஆகாது. செல்வராசு இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அதில் உட்கார்ந்தே இருந்தேன். அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை வைத்தால் சாப்பிடுவாள். எழும்போது என் தோளைப் பிடிப்பாள். நின்றதும் விட்டுவிடுவாள். அவள் கன்னம் வற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கென்று ஒரு முகம் இருந்ததை அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தேன். கூர்மையான தாடை. என் சாயல் ஒரு துளி இல்லை.

பத்து நாள் அப்படிப் போனது. பதினோராம் நாள் காலை அவளைக் கழிவறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் வாக்கரை நகர்த்தி ஒற்றைக் காலில் ஊன்றி ஊன்றி இடப்பக்கம். நான் கைத்தடியோடு வலப்பக்கம். அவள் விழுந்துவிடக் கூடாதே என்று அவள் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். தடி ஒரு பக்கம், என் எட்டு ஒரு பக்கம் போனது.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உதட்டோரத்தில், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"யக்கா, கால் தப்புது."